மாடிப்படி ஏறிய ஆறு

நீர்மருதூரில் ஆறு முதன்முதலாக மாடிப்படி ஏறியது ஓர் ஆனி மாதச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலேகால் மணிக்கு. ஏறிய மாடி மரியபுஷ்பத்துடையது. படித்துறையை விட்டு எழுந்து, தொப்பிக் கடைகளுக்கும் நேந்திரம் சிப்ஸ் கடைகளுக்கும் நடுவே யாரையும் இடிக்காமல் வந்து, இரண்டு கட்டிடங்களுக்கு இடையிலிருந்த ஒடுங்கிய முடுக்குக்குள் திரும்பி, வெளிப்புறமாகப் போகும் முப்பத்திரண்டு படிகளையும் மூட்டுவலிக்காரர் ஏறுவதைப் போல நின்று நின்று ஏறி, மொட்டைமாடியில் போட்டிருந்த பதினாலு மேசைகளுக்கு அடியிலும் கணுக்கால் அளவுக்குப் பரவி, அங்கேயே சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வேனில் வந்திருந்த ஒரு குடும்பம். அவர்கள் முதலில் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கவே மறுபடி இறக்கிக்கொண்டார்கள். அப்புறம் இன்னும் இரண்டு மீன் வறுவல் கொண்டுவரச் சொன்னார்கள். ஆறரை மணிக்கு ஆறு எழுந்து, வந்த வழியே இறங்கிப் போனது.

மறுநாளும் நாலேகாலுக்கு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒரு முழு ஆறு எப்படி ஒரு மாடியில் அடங்கும் என்று கேட்டவர்களெல்லாம் நேரில் வந்து பார்க்காதவர்கள். பார்த்தவர்கள் எந்த மேசையில் உட்கார்ந்தால் குறவை மீன் காலைக் கடிக்காது என்றுதான் கேட்டார்கள். பொதுப்பணித் துறையிலிருந்து ஓர் என்ஜினியர் அளவுகோலோடு வந்து, மாடியில் நீர்மட்டம் பார்த்து, மதியம் சாப்பிடாததால் ஒரு மீன்குழம்புச் சாப்பாடும் சாப்பிட்டு, ‘நீர்வரத்து வழக்கம்போல்’ என்று எழுதிக்கொண்டு போனார். அந்த மாடி இனி நகராட்சிக்குச் சேர்ந்ததா, ஆற்றுப் புறம்போக்கா என்று இரண்டு ஆபீசுகள் கடிதம் எழுதிக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் ஆறு எங்கே உற்பத்தியாகி எங்கே கலக்கிறது என்ற கேள்விக்குப் பிள்ளைகள் நடுவில் புஷ்பம் அத்தை மாடியையும் சேர்த்து எழுதினார்கள், வாத்தியாரும் சரி போட்டார். ஆடி பிறப்பதற்குள் ஊர் இதையெல்லாம் பழகிக்கொண்டு, ‘இன்னைக்கு ஆறு அஞ்சு நிமிசம் லேட்டு’ என்று குறைசொல்கிற அளவுக்கு வந்துவிட்டது.

பழகிக்கொள்ள முடியாதவள் ஒருத்திதான். அவள் பெயர் சங்கரவடிவு.

முடுக்குக்கு இந்தப் பக்கத்துக் கட்டிடம் அவளுடையது. நீர்மருதூரில் மாடியில் சாப்பாடு போடலாம் என்று முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். அவளுடைய ‘வடிவு ரிவர் வியூ’வின் மூன்றாவது மாடியில் நின்றால் மேற்கே அருவி விழுவதும், வளைவில் கல்மண்டபமும், இரண்டு கரையிலும் வெள்ளைத் தண்டோடு நிற்கிற மருத மரங்களும் ஒரே பார்வையில் தெரியும். நாற்பது மேசை. தேனிலவுக்கு வந்தவர்கள், மலையேற வந்தவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள், ஏன் வந்தோம் என்று தெரியாமல் வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டுதான் ஊர் திரும்பினார்கள். இப்போது அதே சுவரில் வந்து நிற்கிறவர்கள் ஆற்றுப் பக்கம் பார்ப்பதில்லை. கீழே, எதிரே, ஒரு மாடி தாழ்ந்த புஷ்பத்தின் மாடியையே பார்த்தார்கள், அங்கே மேசை காலியானதும் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து ஓடினார்கள்.

சங்கரவடிவுக்கு வயிறு எரிந்தது. அதை அவள் அல்சர் என்று சொல்லிக்கொண்டாள். நாலேகாலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல் சிரிப்புச் சத்தம் கேட்கும்போது நெஞ்சுக்குழியில் ஆரம்பித்து, ஆறரைக்கு ஆறு இறங்கும் வரைக்கும் எரிந்துகொண்டே இருக்கும். மோர் குடித்தாள், மாத்திரை போட்டாள், ஜன்னலைச் சாத்தினாள். எதற்கும் எரிச்சல் அடங்கவில்லை. அதைவிடப் பெரிய வேதனை, யார் யார் அங்கே போய்வருகிறார்கள் என்பது ஊரில் யாராலும் மறைக்க முடியாத விஷயமாக இருந்தது. போய்வந்தவர்களின் வேட்டி நுனியும் பேன்ட் நுனியும் சேலை விளிம்பும் நனைந்திருக்கும். அவள் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள், கணுக்காலைப் பார்த்தாள். பால்காரர் ஈரம். கோயில் குருக்கள் ஈரம். அவளுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மாவின் சேலையும் ஈரம்.

ஒருநாள் அவள் கணவர் ஆவுடைநாயகம், வேட்டியை வழக்கத்துக்கு மாறாக மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“எங்க போயிட்டு வாரிய?” என்று கேட்டாள்.

“லைப்ரரிக்கு.”

“வேட்டிய இறக்கி விடுங்க.”

“எதுக்கு?”

“இறக்கி விடுங்கங்கேன்.”

இறக்கினார். அடியில் ஒரு சாண் அகலத்துக்கு ஈரம். அதில் ஒரு மருத இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

“லைப்ரரியில கணுக்கால் தண்ணி நிக்கோ?”

“ஒரு டீதான் குடிச்சேன் வடிவு.”

“டீ மட்டுமா?”

அவர் தரையைப் பார்த்தார். நாற்பது வருஷமாகப் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். “கூட மீன்குழம்பும் கொஞ்சம் சோறும்” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அந்தப் பழைய ருசி அப்படியே இருக்கு” என்றும் சொன்னார்.

அந்தப் பழைய ருசி என்ன என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். மரியபுஷ்பம் பதினோரு வருஷம் சங்கரவடிவின் அடுக்களையில் நின்றவள். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் இரண்டு பேரும் அடுப்புத் திண்டில் சாய்ந்து நின்றபடி ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். மேசைக்காரர்கள் மீன்குழம்பைப் பாராட்டும்போதெல்லாம் “நம்ம கைப்பக்குவந்தான்” என்று சங்கரவடிவு சிரிப்பாள், நம்ம என்பதில் புஷ்பமும் அடக்கம் என்று புஷ்பம் நினைத்துக்கொள்வாள். ஒருநாள் ஒரு வெளியூர்ப் பெரியவர் பிடிவாதமாகச் சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, புஷ்பத்தை மாடிக்கு வரவழைத்து, எல்லா மேசையும் பார்க்க எழுந்து நின்று அவளைக் கும்பிட்டுவிட்டார். புஷ்பத்தின் முகம் அன்றைக்குச் சிவந்த சிவப்பைச் சங்கரவடிவால் தாங்க முடியவில்லை. மறுநாளிலிருந்து அவளைப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மாற்றினாள். எட்டு நாள் கழுவிவிட்டு ஒன்பதாம் நாள் புஷ்பம் வரவில்லை. முடுக்குக்கு அந்தப் பக்கத்து மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தாள். ஆக, ஆறு மாடி ஏறியது போன ஆனியில்தான். பொறாமை அதற்கு நாலு வருஷம் முன்பே ஏறி உட்கார்ந்திருந்தது.

சங்கரவடிவு சும்மா இருக்கவில்லை. ஆற்றுக்கு ஏறச் சிரமமாக இருக்குமோ என்று கொத்தனாரை வைத்துத் தன் வீட்டுப் படிகளை உயரம் குறைத்துக் கட்டினாள். வாசலில் வாழை கட்டினாள். மாவுக்கோலம் போட்டாள். ஒருநாள் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்து எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவளைப் போலப் படித்துறைக்கே போய், “எங்க வீட்டுக்கும் ஒருநாள் வந்துட்டுப் போகணும்” என்று குனிந்து சொன்னாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் இதில் வியக்க ஒன்றுமில்லாததால் சோப்புப் போடுவதைத் தொடர்ந்தார்கள். நாலேகாலுக்கு ஆறு எழுந்தது, அவள் பக்கமாகவே வந்தது, தாம்பாளத்தைச் சுற்றிக்கொண்டு, அவள் கால்விரல் நுனியைக்கூட நனைக்காமல், முடுக்குக்குள் திரும்பிப் புஷ்பத்தின் படியில் ஏறியது.

அன்றைக்குத்தான் அவளுக்கு முடுக்கின் நினைவு வந்தது. முடுக்கு அவள் பட்டாவில் இருந்தது. மறுநாள் காலையிலேயே கொத்தனாரை வரச்சொல்லி, தன் வாசலுக்கு அப்பாலும் புஷ்பத்தின் படிக்கு இப்பாலும், முடுக்கின் குறுக்கே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பினாள். புஷ்பம் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். தன்னுடைய ஆட்கள் வந்துபோகப் பின்தெரு வாசலைத் திறந்துவைத்தாள்.

நாலேகாலுக்கு ஆறு வந்தது. சுவரின் முன்னால் நின்றது. விலாசம் மாறிவிட்டதோ என்று யோசிக்கிறவரைப் போல முன்னும் பின்னும் அசைந்தது. பிறகு, இத்தனை தூரம் வந்தது வந்தாயிற்று என்பது போல, இடதுபுறம் திரும்பி, உயரம் குறைத்த படிகளில் ஏறி, முதல் மாடி, இரண்டாம் மாடி தாண்டி, மூன்றாம் மாடியில் சங்கரவடிவின் நாற்பது மேசைகளுக்கு அடியிலும் பரவியது.

அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அதில் இறங்கினாள். தண்ணீர் அவள் நினைத்திருந்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது, மலைமேல் கசங்கிய ஏதோ ஒரு தழையின் வாசனை அதில் இருந்தது, குஞ்சு மீன்கள் அவள் மெட்டியை வந்து வந்து முகர்ந்தன. பத்து நிமிஷத்தில் எதிர்மாடி காலியாகி எல்லாரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். பால்காரரும் குருக்களும்கூட வெட்கமில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக அவள் வயிறு குளிர்ந்தது.

ஆறரைக்கு ஆறு மெல்ல எழுந்து படிப்பக்கம் திரும்பியது. சங்கரவடிவு ஓடிப்போய் மாடிவாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். “என்ன அவசரம்? இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்” என்றாள். நாளைக்கு இது வரும் என்று என்ன நிச்சயம்? சுவர் இடியலாம், புத்தி மாறலாம். “இரேன். இது உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ” என்று கெஞ்சினாள். ஆறு, வீட்டுக்காரர்கள் வற்புறுத்தும்போது மறுக்கத் தெரியாத விருந்தாளியைப் போலக் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, மறுபடி மேசைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அப்புறம் அது போகவே இல்லை.

மலையிலிருந்து இறங்கிய தண்ணீரெல்லாம் நேரே வடிவு மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. முதல் நாள் ஊரே கொண்டாடியது. இரண்டாம் நாள், ஒரு சின்னப் பெண் தண்ணீரைக் கையால் தட்டித் தட்டிச் சிரித்தபோது, ஆறும் அவளோடு சேர்ந்து சிரிப்பது போலச் சங்கரவடிவுக்குத் தோன்றியது. ‘தண்ணீரில் கை வைக்கக் கூடாது’ என்று ஒரு போர்டு மாட்டினாள். மூன்றாம் நாள், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி உட்கார்ந்த மூலைக்கு ஆறு கொஞ்சம் சரிந்து ஓடுவதைப் பார்த்து, அவர்களை வேறு மேசைக்கு மாற்றினாள். அந்த மேசைக்கும் அது போனதும் அவர்களை எழுப்பியே அனுப்பிவிட்டாள். ஆவுடைநாயகம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது அவர் பாதத்தைச் சுற்றி ஒரு சின்னச் சுழி விளையாடிக்கொண்டிருந்தது. “எந்திரிங்க, கீழ போய் உக்காருங்க” என்றாள். ஐந்தாம் நாள் மாடிக்கதவைப் பூட்டிவிட்டு, நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, மடியில் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்தாள். பார்க்க வேறு யாரும் இல்லை. ஆறு அவளை மட்டும் சுற்றி ஓடியது. அப்போதும் அவளுக்கு நிம்மதி இல்லை, ஏனென்றால் அது அடிக்கடி கைப்பிடிச் சுவர்வரை போய், கீழே எதையோ பார்ப்பது போல நின்று திரும்பியது.

கீழே படித்துறையில் கடைசிப் படிக்கும் அப்பால் வெறும் பாறையாகக் கிடந்தது. கிழக்கே கார் நெல்லுக்கு நாற்றுப் பாவியிருந்த ஊர்களிலிருந்து ஆட்கள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கி, சத்தம் போடாமல் தெருவில் நின்று, “யம்மா, ஆத்தைக் கொஞ்சம் இறக்கி விடுங்க, நாத்து கருகுது” என்று மேல்நோக்கிச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் இதையும் பழகிக்கொண்டு, குடத்தோடு படியில் வரிசை கட்டி மாடிக்கதவைத் திறக்கவைத்தார்கள். கருகிய நாற்றில் ஒரு பிடியை ஒரு பெண் மடியில் கட்டிக்கொண்டு வந்து, சங்கரவடிவிடம் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அதைப் பார்த்தபிறகு சங்கரவடிவுக்குச் சோறு இறங்கவில்லை. துடைப்பத்தை எடுத்து “போ, போ” என்று தள்ளிப் பார்த்தாள். தள்ளிய தண்ணீர் திரும்பி வந்து அவள் காலையே கட்டிக்கொண்டது. கொத்தனாரைக் கூப்பிட்டு முடுக்குச் சுவரை இடித்தாள். அதற்கும் ஆறு அசையவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் குடவரிசையில் மரியபுஷ்பம் வந்தாள். இடுப்பில் ஓர் அலுமினியச் சட்டி, அதில் செதில் உரசாத மீன்.

“அக்கா, மீன் கழுவணும். ரெண்டு சட்டி தண்ணி மோந்துக்கிடட்டா?”

அவள் காலை வைத்ததும் தண்ணீர் துள்ளிக்கொண்டு அவளிடம் போனதைச் சங்கரவடிவு கண்ணால் பார்த்தாள். நெஞ்சுக்குழியில் பழைய நெருப்பு மறுபடி பற்றியது. ஆனாலும் சொன்னாள்: “நீ கூட்டிட்டுப் போயிரு புஷ்பம். நீ கூப்பிட்டா வரும்.”

“நான் எங்கேக்கா கூப்பிட்டேன்? அதுவா வந்துச்சு. நான் அனுப்பத்தான் செஞ்சேன்.”

“எப்படி அனுப்புவ?”

“ஆறரை ஆனா, போயிட்டு வா-ன்னு சொல்லுவேன். வேற ஒண்ணுமில்ல.”

“நானும் போ போன்னு காலையிலேருந்து தொண்டை கிழியக் கத்துதேன்.”

“தொடப்பத்த வச்சிக்கிட்டுச் சொன்னா எங்கேக்கா போகும்? இரு இருன்னு பிடிச்சு வச்சதும் நீங்கதான்.” புஷ்பம் குந்தி உட்கார்ந்து மீனை உரசத் தொடங்கினாள்.

சங்கரவடிவு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“போயிட்டு வான்னு சொல்லி, அது வராமப் போச்சுன்னா?” என்று சங்கரவடிவு மெதுவாகக் கேட்டாள்.

“ரெண்டு நாள் வராம இருந்துருக்கு. ஊருக்குத் தெரியாது. உடம்பு சரியில்லன்னு கடையைச் சாத்திட்டேன், அதனாலதான் ஆறும் வரலன்னு நினைச்சுக்கிட்டாங்க. அன்னைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.” புஷ்பம் நிமிர்ந்தாள். “உங்க மாடிக்கு வந்துருக்குமோன்னு ஜன்னல் வழியா எத்தனை தடவை எட்டிப் பாத்தேன் தெரியுமா? வயிறு அப்படியே காந்துச்சு.”

“உனக்கா?”

“ஏன், எனக்கு வயிறு இல்லியா?”

சங்கரவடிவு அவளையே பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “உன்னையப் பாத்திரம் கழுவப் போட்டது தப்புதான்” என்றாள்.

“தப்புதான்” என்றாள் புஷ்பம், அடுத்த மீனை எடுத்தபடி.

ஆறரை ஆயிற்று. சங்கரவடிவு மாடிவாசலிலிருந்து விலகிச் சுவரோரமாக நின்றாள். திரும்ப வராது என்றே அவளுக்குத் தோன்றியது. வந்தாலும் இங்கே வராது என்று தோன்றியது. இந்தக் குளிர்ச்சி கடைசித் தடவை என்று தோன்றியது. அந்த மேசைமேல் கிடந்த நாற்றைப் பார்த்தாள். “போயிட்டு வா” என்றாள். ஆறு எழுந்தது. அவளைத் தாண்டும்போது ஒருகணம் முழங்கால்வரை உயர்ந்து நின்றது. பிறகு படிகளில் இறங்கி, முடுக்கு வழியாக, தெருவில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட, தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கிழக்கே போகிற லோடு ஆட்டோக்கள் அதனோடு பந்தயம் கட்டிக்கொண்டு கிளம்பின.

மறுநாள் நாலு மணிக்கே ஊர் முழுக்க முடுக்குவாசலில் கூடிவிட்டது. எந்தப் படியில் ஏறும் என்பதில் பாதிப்பேர் ஒரு கட்சி, மீதிப்பேர் ஒரு கட்சி. மேலே இந்தக் கைப்பிடிச் சுவரில் சங்கரவடிவு, அந்தக் கைப்பிடிச் சுவரில் மரியபுஷ்பம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலேகாலுக்கு ஆறு எழுந்தது. கடைத்தெரு வழியாக வந்தது. முடுக்குவாசலுக்கு வந்தது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிக் குனிந்தார்கள்.

ஆறு முடுக்கைத் தாண்டி, நேரே போய், மருந்துக் கடையை அடுத்து வலதுபுறம் திரும்பி, பல் டாக்டர் தளவாயின் மாடியில் ஏறியது.

தளவாய் டாக்டர் ஊருக்குப் புதியவர். அவர் மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் துணி காயப்போடுகிற கொடியும் தவிர ஒன்றுமில்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பல் பிடுங்குகிற நாற்காலியை நாலு ஆளை வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் மாடியில் போட்டார். ஐந்து மணிக்குள் நீர்மருதூரில் பாதிப்பேருக்குப் பல் வலி கண்டுவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் முதலாவதாக நின்றவர் ஆவுடைநாயகம்.

சங்கரவடிவின் நெஞ்சுக்குழியில் சுரீர் என்றது. தலையைத் திருப்பினாள். எதிர்ச்சுவரில் மரியபுஷ்பம் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் இடுங்க, பல் டாக்டர் வீட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைச் சங்கரவடிவுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்த்த முகம்.

“ஏ புஷ்பம்” என்று கூப்பிட்டாள். “ஒரு வாய்த் தண்ணி கொப்புளிச்சுத் துப்புற இடம். அங்க அதுக்கு என்ன சோலி?”

“அதத்தான் நானும் கேக்கேன்” என்றாள் புஷ்பம். “ஒரு பல்லு ஒழுங்காப் பிடுங்கத் தெரியுமா அந்த ஆளுக்கு? போன மாசம் குருக்களுக்கு நல்ல பல்லப் பிடுங்கிட்டாராம்.”

“அப்படியா? எனக்குத் தெரியாதே.”

“முகரையப் பாரு, மாடியில நின்னு எல்லாருக்கும் கைகாட்டுதாரு.”

இருவரும் சுவரில் முழங்கையை ஊன்றி, சத்தமாகவே, டாக்டரின் நடை, மீசை, அவர் மாடியின் கோணல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பேசினார்கள். பேசப் பேச எரிச்சல் குறையவில்லை. ஆனால் நாலு வருஷத்தில் அவ்வளவு சுகமாகச் சங்கரவடிவு எதற்கும் எரிந்ததில்லை. அந்த மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் மிதந்து வந்தது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள்.

“அக்கா” என்றாள் புஷ்பம் கொஞ்ச நேரம் கழித்து. “எனக்கு நேத்துலேருந்தே கடைவாய்ப் பல்லு லேசா வலிக்கி.”

சங்கரவடிவு தன் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தாள்.

“இரு, சேலையை மாத்திட்டு வாரேன்” என்றாள்.